வீட்டுக்குள் குருவி கூடு கட்டிவிட்டால்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020-ஆம் ஆண்டு சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில், தெருவிளக்குகளுக்கான சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டிருப்பதைக் கண்ட ஊர்மக்கள், குஞ்சு பொரித்துப் பறந்துபோகும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கைப் போடாமலேயே இரவுகளைக் கழித்தார்கள். அதே மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே, 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுகுடிப்பட்டியிலும் சுற்று ஊர்களிலும், கண்மாய்க்கு வந்து தங்கும் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் மிரண்டுவிடக் கூடாதென்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊரே சேர்ந்து செய்த இந்தக் காரியங்களைப் படித்து மனம் நெகிழ்கிறவர்கள் பலர். ஆனால் தம் வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ளோ, முகப்பில் மாட்டியிருக்கும் படத்துக்குப் பின்னாலோ குருவி கூடு கட்டும்போது, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பவர்களும் அவர்களேதான். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இடத்தைக் கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுக்க வேண்டும்; கொடுக்க முடியாதென்றால் முட்டை விழுவதற்கு வெகு முன்பே மறுத்துவிட வேண்டும். கூட்டை இருக்கவிட்டு, நாளுக்கு நான்கு முறை எட்டிப் பார்த்து, ஒட்டடை அடிக்கும்போது சற்றே நகர்த்தி வைத்து, பிள்ளைகளுக்குக் கையில் எடுத்துக் காட்டும் அரைகுறை இரக்கத்தால் கெட்டுப்போன கூடுகள் ஏராளம்.

முதல் படி: வந்திருப்பது யார் என்று அறிதல்

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் வந்து குடியேறுவது சிட்டுக்குருவிதான். உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, ஓட்டுச் சரிவின் ஓரம், முன்னோர் படங்களைச் சாய்த்து மாட்டியிருப்பதால் அவற்றின் பின்னே உண்டாகும் இடைவெளி ஆகிய மூன்றும் அதற்கு மிகவும் பிடித்தமானவை. வைக்கோல், நூல், இறகு என்று கிடைத்ததையெல்லாம் அடைத்துக் கட்டுவதால் கீழே எப்போதும் குப்பை உதிர்ந்துகொண்டே இருக்கும்.

சுவிட்சுப் பெட்டி, தபால் பெட்டி, மோட்டார் அறையின் ஸ்டார்ட்டர் பெட்டி, சுவரில் விழுந்த ஓட்டை போன்றவற்றைத் தேடி வருவது குண்டுகரிச்சானாகவோ கருஞ்சிட்டாகவோ இருக்கலாம். குண்டுகரிச்சான் ஆண் கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில் உயரமான இடத்தில் அமர்ந்து நெடுநேரம் பாடும். கருஞ்சிட்டு அதைவிடச் சிறியது. வாலின் அடியில் செங்காவி நிறம் தெரியும். அதன் கூட்டில் புல்லுக்கும் மயிருக்கும் நடுவே சில சமயம் பாம்புச் சட்டைத் துண்டும் கிடக்கும். அதைப் பார்த்துப் பாம்பு வந்துவிட்டதென்று பயந்து கூட்டைக் கலைத்துவிட வேண்டாம். மெத்தைக்காகப் பறவையே கொண்டுவந்து வைத்ததாக இருக்கலாம்.

தேன்சிட்டு, கொடிக்கயிற்றிலோ தொங்கும் ஒயரிலோ சிலந்தி நூலால் இழைத்துப் பையைப் போலத் தொங்கவிட்டிருக்கும். கொண்டைக்குருவி, தொட்டிச் செடியின் நடுவே சிறு கிண்ணம்போல் கட்டும். அணில் வந்திருந்தால் கணக்கே வேறு. அதன் குட்டிகள் பால் குடி மறக்கச் சுமார் பத்து வாரம் ஆகும் என்பதால் அவ்வளவு காலத்துக்கு அந்த இடத்தை மறந்துவிடத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கூட்டைத் தொடாமலே நாள் கணக்கிடுதல்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. எத்தனை நாள் என்று தெரிந்துவிட்டால் எந்தச் சிரமமும் பாதியாகிவிடும். தெரியாதபோதுதான் வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது.

சிறு பறவைகள் பொதுவாக நாளுக்கு ஒரு முட்டையாக இடும். சிட்டுக்குருவிக்கும் குண்டுகரிச்சானுக்கும் நான்கு ஐந்து முட்டை வரை இருக்கலாம். கொண்டைக்குருவிக்கு இரண்டு மூன்று, தேன்சிட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு. கடைசி முட்டையை ஒட்டி அடைகாப்பு உறுதிப்படும். அதிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சு கூட்டை விட்டு வெளியேற மேலும் இரண்டு வாரம் ஆகும். எனவே நான்கு முட்டை இடும் பறவைக்கு, முதல் முட்டையிலிருந்து கூடு காலியாகும்வரை ஒரு மாதமும் சில நாளும் என்று வைத்துக்கொள்ளலாம். பொத்தக்குடி மக்கள் இருட்டில் இருந்த காலமும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

கூடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அறியக் கூட்டுக்குள் பார்க்க வேண்டியதில்லை. நாலைந்து மீட்டர் தள்ளி, தூண் மறைவிலோ கதவிடுக்கிலோ அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்து, பறவையின் அலகை மட்டும் கவனித்தால் போதும். வேரும் நாரும் கொண்டுவந்தால் கட்டுமானம் நடக்கிறது. ஒரு பறவை உள்ளே போய் நெடுநேரம் வெளியே வராமல் இருந்து, பின் திடீரென்று பறந்துபோய்ச் சற்று நேரத்திலேயே வெறும் அலகோடு திரும்பினால் அடைகாக்கிறது. புழுவும் வெட்டுக்கிளியுமாகக் கவ்விக்கொண்டு நாளெல்லாம் வந்துபோனால் குஞ்சு பொரித்துவிட்டது.

நான் மிகவும் நம்பும் அடையாளம் இன்னொன்று உண்டு. இரை கொண்டுபோன பறவை திரும்பும்போது, பளபளக்கும் வெள்ளை உருண்டை ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு வெளியே பறக்கும். அது குஞ்சின் எச்சம். கூடு அசுத்தமாகிவிடாமலும் அதன் வாடை எதிரிகளுக்கு எட்டிவிடாமலும் இருக்க, மெல்லிய உறை மூடிய அந்த உருண்டையைத் தாயும் தந்தையும் எடுத்துத் தொலைவில் போட்டுவிட்டு வரும். ஒரு தடவை இதைக் கண்ணால் கண்டுவிட்டவர்களுக்கு, அதற்கப்புறம் அந்தக் கூட்டைக் கலைக்க மனம் வருவதில்லை. முதன்முதலில் இதைப் பார்த்த நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைத்து, அங்கிருந்து 16 நாளை எண்ணிக்கொள்ளுங்கள். அதுவரை அந்த இடம் உங்களுடையது அன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: மறுப்பதானால் உடனே மறுத்தல்

எல்லா இடத்தையும் கொடுத்துவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் மேல்மூடி, தினமும் எடுத்தாக வேண்டிய வண்டியின் முகப்பு விளக்கு, இடிந்து விழும் நிலையிலுள்ள சுவர் ஆகியவற்றில் கூடு அமைவது பறவைக்கே ஆபத்து. இரண்டொரு வைக்கோல் மட்டும் கிடக்கும் முதல் நாளிலேயே அதை எடுத்துவிட்டு, அந்த இடுக்கைத் துணியாலோ அட்டையாலோ அடைத்துவிட வேண்டும். சிட்டுக்குருவி விடாப்பிடியாகத் திரும்பி வரும் என்பதால், பக்கத்திலேயே பாதுகாப்பான இடத்தில் ஒரு மரப்பெட்டியை மாட்டிவிட்டு அடைப்பது நல்லது.

கூடு கிண்ணமாக உருவாகி, உள்ளே மெத்தையும் அமைந்துவிட்டால் இந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் முட்டைக்கும் கூட்டுக்கும் இடையூறு செய்வதையும் வேட்டை என்ற சொல்லின் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து இரக்கம் காட்ட வேண்டியதில்லை, எனினும் வெள்ளையடிக்க வந்தவரோ வீட்டுப் பெரியவரோ “ஒரு கூட்டுக்காக இவ்வளவா?” என்று கேட்கும்போது சொல்லுவதற்கு உதவும்.

நான்காம் படி: மின்சாரத்தை ஒழுங்குசெய்தல்

சுவிட்சுப் பெட்டியில் கூடு இருந்தால், காய்ந்த நாரும் மின்கம்பியும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று பொருள். பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். அந்தப் பெட்டிக்கு முன்னாலுள்ள மெயின் சுவிட்சையோ எம்.சி.பி.யையோ (மின்சுற்றைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, அந்தச் சுற்றை மட்டும் தனியே துண்டித்து, தேவையான விளக்குக்கும் மோட்டாருக்கும் வேறொரு சுவரில் தற்காலிகச் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். பறவை இரை தேடப் போகும் நேரத்தில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வேலையை முடிப்பதும், முடியாவிட்டால் விலகி நின்று, பறவை வந்துவிட்டு மறுபடி வெளியே போனபின் தொடர்வதும் அவரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியவை. முத்திரையிட்ட மீட்டர் பெட்டியென்றால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தெரிவித்து அவர்களைக் கொண்டுதான் செய்ய வேண்டும். கணக்கெடுக்க வருபவருக்குத் தெரியும்படி பெட்டியின் அருகே ஒரு சிறு அறிவிப்பையும் ஒட்டிவிடுங்கள்.

தெருவுக்கே பொதுவான பெட்டியென்றால் ஒருவர் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. இரவில் நடமாடும் முதியவர்களும், அதிகாலையில் பால் கறக்கப் போகிறவர்களும், பாம்பு நடமாட்டமுள்ள ஊருணிக் கரையில் வீடு உள்ளவர்களும் அந்தச் சிரமத்தில் பங்கேற்கிறார்கள். எல்லாரிடமும் கேட்டு, எத்தனை நாள் என்று கணக்குச் சொல்லி, ஒவ்வொரு வீட்டுத் திண்ணை விளக்கும் இரவு பத்து மணி வரை எரியும் என்று பேசி ஏற்பாடு செய்துகொண்டால் முழு இருட்டைத் தவிர்க்கலாம்.

மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடத்துக்குள் குருவி வந்துபோகும் வீட்டில், சுழலும் கூரை விசிறியில் அடிபட்டுச் சாவதே குருவிக்கு மிகப் பெரிய அபாயம். சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்துவது லேசான காரியமன்று. ஆயினும் காலை ஆறு மணி முதல் மாலை ஆறரை வரை அந்தக் கூடத்தில் மட்டும் கூரை விசிறியை நிறுத்தி, கம்பி வலை போட்ட மேசை விசிறியை வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் குருவி கூட்டில் அடங்கிவிடும். அப்போது கூரை விசிறியைப் போட்டுக்கொள்ளலாம். சுவிட்சின் மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டிவைத்தால், வெயிலில் வந்த விருந்தாளி பழக்கத்தில் தட்டிவிடாமல் இருப்பார்.

ஐந்தாம் படி: விசேஷ வீடும் வெள்ளையடிப்பும்

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டை, கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ திறக்கும்போதுதான் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. தேதி குறித்தாகிவிட்டது; பங்காளிகள் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்; வெள்ளையடிக்கும் மேஸ்திரி நாளை வருகிறார். அப்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவர் போனில், “ஆச்சி, முகப்புல ஐயா படத்துக்குப் பின்னாடி குருவி அடைகாக்குது, என்ன செய்யட்டும்?” என்று கேட்பார்.

பெரிய வீட்டின் அமைப்பே இங்கே நமக்கு உதவுகிறது. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றியுள்ள உள்பகுதி), இரண்டாங்கட்டு என்று அடுத்தடுத்துக் கட்டுகள் இருப்பதால், ஒரு மூலையை விட்டுக்கொடுத்தாலும் விசேஷம் நின்றுவிடாது. கூடுள்ள சுவரை மட்டும் வெள்ளையடிக்காமல் விடச் சொல்லுங்கள். அதிலிருந்து இருபுறமும் சுமார் இரண்டு மீட்டருக்கு ஏணி சாத்துவதும் ஒட்டடை அடிப்பதும் வேண்டாம். வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே அந்த ஒரு பட்டை மங்கலாகத் தெரியும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் அங்கேயே கூடி நின்றுவிடுவார்கள் என்பதால், முன்னால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு வழியை மறித்துவிடுவது நல்லது.

நாதஸ்வரத்தையும் தவிலையும் வளவின் மறுகோடியில் அமர்த்துங்கள். சீரியல் விளக்கைக் கூட்டின் மேலே இழுக்க வேண்டாம். இரவில் வெளிச்சம் விழுந்தால் அடைகாக்கும் பறவைக்கு ஓய்வு கெடும். ஜெனரேட்டர் புகை காற்றோடு முகப்புக்குள் வராதபடி வண்டியைப் பின்கட்டுப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். வெடி வேண்டவே வேண்டாம். பறவை வந்துபோகும் சாளரம் ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். விசேஷ அவசரத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான். விசேஷம் முடிந்து வீட்டைப் பூட்டும்போதும் அதே சாளரத்தைச் சாத்தாமல் விட்டுப் போங்கள். உள்ளே குஞ்சு இருக்க வெளியே தாய் நிற்கும்படி பூட்டுவதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆறாம் படி: காவல்

காவல் என்பது பெரும்பாலும் விலகியிருப்பதுதான். அடிக்கடி அருகே போனால், நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் காகத்துக்கும் பூனைக்கும் நாமே வழிகாட்டியதாகிவிடும். செல்போனை நீட்டிப் படமெடுப்பதும், ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. பூனை ஏறக்கூடிய அலமாரி, பெட்டி, சைக்கிள் ஆகியவற்றைக் கூட்டின் அடியிலிருந்து நகர்த்திவிடுங்கள். வீட்டுப் பூனையென்றால் குஞ்சு பறக்கும் வாரத்திலாவது அதை உள்ளே வைத்திருங்கள்.

எறும்பு வரிசை தெரிந்தால் மருந்துப் பொடி தூவ வேண்டாம். பறவை பொறுக்கும் பூச்சியெல்லாம் நஞ்சாகும். வரிசை வரும் வழியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கீழே சிந்திய சோற்றையும் சர்க்கரையையும் அகற்றினால் பெரும்பாலும் விலகும். இரும்புப் பெட்டிமேல் நடுப்பகல் வெயில் நேரே விழுந்தால், பெட்டியைத் தொடாதபடி ஓரடி தள்ளி, பறவையின் வழியை மறைக்காமல், ஒரு ஓலைத் தட்டியைச் சாய்த்து வையுங்கள். கூட்டின்மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லைப் போட்டு, கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி முற்றத்தில் வைத்துத் தினமும் மாற்றினால் போதும். இரை வைக்க வேண்டியதில்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும்.

ஏழாம் படி: குஞ்சு கீழே விழுந்தால்

முதலில் இறகைப் பாருங்கள். உடலெல்லாம் இறகு மூடி, குட்டை வாலோடு, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு கூட்டை விட்டுத் தானாக வெளியே வந்தது. அதை எடுத்துக் கூட்டில் வைத்தாலும் மறுபடி குதித்துவிடும். பூனை எட்டாத செடிமேலோ திண்ணை மாடத்திலோ வைத்துவிட்டு நாம் மறைந்துவிட வேண்டும். தாய் தேடி வந்து ஊட்டும்.

இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சென்றால் கையைக் கழுவிக்கொண்டு மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் வெயிலில் கிடந்து செத்த குஞ்சுகள் பல. மனிதக் கை பட்ட வாசனைக்காக இந்தச் சிறு பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. கூடே பிய்ந்து விழுந்திருந்தால், நம் வீடுகளில் இருக்கும் சிறிய ஓலைக் கொட்டான் (ஓலையில் பின்னிய கூடை) ஒன்றை எடுத்து, விழுந்த கூட்டின் புல்லையே உள்ளே பரப்பி, குஞ்சுகளை வைத்து, பழைய இடத்துக்கு மிக அருகில் நிழலில் அசையாமல் கட்டுங்கள். கொட்டானின் மூடியைப் போட வேண்டாம். விலகி நின்று இரண்டு மணி நேரம் பார்த்தால், குஞ்சின் சத்தத்துக்குத் தாய் வந்துவிடுவதைப் பெரும்பாலும் காணலாம்.

குஞ்சின் வாயில் தண்ணீரைச் சொட்டு விடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாலும் பாலில் நனைத்த ரொட்டியும் ஆகா. காயம் பட்டிருந்தாலோ தாய் வரவேயில்லை என்றாலோ, காற்றோட்டத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் சத்தமில்லாமலும் வைத்து, வனத்துறை அலுவலகத்துக்கோ பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவருக்கோ உடனே தகவல் கொடுங்கள்.

எட்டாம் படி: பறந்த பின்

கூடு காலியான அன்றே துடைப்பத்தை எடுக்க வேண்டாம். குஞ்சுகள் சில நாட்கள் முற்றத்துச் செடிகளைச் சுற்றியே இருந்து, தாய் தந்தையிடம் இரை வாங்கித் தின்னும். சிட்டுக்குருவி அதே கூட்டில் மறுபடி முட்டையிடவும் தொடங்கக்கூடும். தொடர்ந்து மூன்று நான்கு நாள் எந்தப் பறவையும் வந்துபோகவில்லை என்று உறுதியான பின், முகத்தில் துணி கட்டிக்கொண்டு கூட்டை எடுத்துப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய கூட்டில் நுண்ணிய பூச்சிகள் இருக்கும் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மின்பெட்டியில் இருந்த கூட்டை வயர்மேன்தான் எடுக்க வேண்டும். ஒரு நார்கூட உள்ளே மிஞ்சாமல் துடைத்து, திருகுகளை இறுக்கிச் சோதித்த பிறகே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டியின் கம்பி நுழையும் துளையை அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

அதற்கு மாற்றாக ஒரு மரப்பெட்டி செய்துவிடலாம். சிட்டுக்குருவிக்கு வாசல் துளை 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். குண்டுகரிச்சானுக்கு அதைவிடப் பெரிய துளை வேண்டும். மேற்கு வெயில் படாத சுவரில், இரண்டரை மூன்று மீட்டர் உயரத்தில், பூனை தாவ முடியாதபடி மாட்டுங்கள். துளைக்கு முன்னால் உட்காரக் குச்சி வைக்க வேண்டாம். அது காகத்துக்குத்தான் வசதி.

கடைசியாக, எந்த மாதத்தில் எந்த இடத்தில் கூடு இருந்தது என்று ஒரு குறிப்பு எழுதி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். குண்டுகரிச்சானும் கருஞ்சிட்டும் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை கூடு கட்டும். சிட்டுக்குருவிக்கு மாத வரையறை கிடையாது. எனவே வெள்ளையடிப்பதையும் ஓடு மாற்றுவதையும் மின் வேலைகளையும் மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொண்டு, வேலை தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு படங்களுக்குப் பின்னாலும் பெட்டிகளுக்குள்ளும் யாரேனும் இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.